டேனரியில் வேலை பார்த்த விஞ்ஞானியும் நம்ம ஊர்க் கணக்கும்

மாதவரம் தோல் டேனரிகளைப் பற்றி எழுதிய பதிவைப் படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "சார், இந்தத் தோல் தொழிலிலிருந்து பெரிய ஆள் யாராவது வந்திருக்கிறார்களா?" பணக்காரர்களைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் கேட்டது படிப்பில். இருக்கிறார். பெயர் யூஜீன் விக்னர். ஹங்கேரி நாட்டுக்காரர், ஊர் புடாபெஸ்ட். 1963-ல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

விக்னரின் அப்பா புடாபெஸ்டில் தோல் பதனிடும் ஆலை ஒன்றை நிர்வகித்தவர். நம் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் என்றால், ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டை. மற்றபடி வாசனை ஒன்றுதான். பையன் இயற்பியல் படிக்க ஆசைப்பட்டான். அப்பாவோ ஆலைக்கு உதவும் படிப்பாகப் படி என்றார். விக்னர் பெர்லினில் ரசாயனப் பொறியியல் படித்து 1925-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஊருக்குத் திரும்பி ஆலையில் வேலையும் பார்த்தார். நம் வீடுகளிலும் நடந்த கதைதானே! அவருக்கு அது ஒட்டவில்லை. 1926-ல் மறுபடியும் பெர்லினிலிருந்து அழைப்பு வர, கிளம்பிவிட்டார்.

அவர் பெர்லின் போன அந்த நேரம்தான் குவாண்டம் இயற்பியல் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தது. அணுவுக்குள் நடப்பதைச் சொல்லும் அந்தக் கணக்கில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று நேரியல்பு, மற்றொன்று சமச்சீர். இரண்டும் தனித்தனி என்று நினைத்திருந்தபோது, ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறது என்று 1931-ல் காட்டியவர் விக்னர். அந்தக் கணக்கின் அடுத்த சில அத்தியாயங்களில் சென்னைக்காரர்களுக்கும் சென்னையில் படித்தவர்களுக்கும் நல்ல பங்கு உண்டு. அதை நம் ஊரில் அதிகம் பேர் சொல்லக் கேட்டதில்லை என்பதால் இந்தப் பதிவு.

முதலில் நேரியல்பு. ஆடி மாதம் வந்தால் நம் தெருக்களில் கூழ் ஊற்றும் விழா, மூலைக்கு மூலை குழாய் ஸ்பீக்கர். மைக் செட்காரர் சத்தத்தை அளவாக வைத்திருக்கும்வரை, மைக்கில் இரண்டு பேர் சேர்ந்து பாடினால் இரண்டு குரலும் தனித்தனியாகக் காதில் விழும். ஒன்றின் மேல் ஒன்று வந்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்காது. இதுதான் நேரியல்பு. இரண்டையும் கூட்டி அனுப்பினால், அந்தப் பக்கம் வருவதும் இரண்டின் கூட்டல்தான். உற்சாகத்தில் அவர் சத்தத்தை உச்சத்துக்குத் திருப்பினால் ஆம்ப்ளிஃபயர் திணறும். கரகரவென்று, இரண்டு குரலிலும் இல்லாத புது இரைச்சல் ஒன்று பிறக்கும். அங்கே நேரியல்பு போய்விட்டது. மின்சார வேலையில் இருந்தவர்களுக்கு டிரான்ஸ்பார்மர் நினைவு வரும். இரும்புக்கரு தாங்கும் அளவைத் தாண்டினால் உள்ளே போகும் அலை அழகாக இருந்தாலும் வெளியே வருவது கோணல்தான். நாம் வாழும் உலகத்தில் எந்தப் பொருளும் ஓர் எல்லைவரைதான் நேரியல்.

குவாண்டம் இயற்பியல் என்ன சொல்கிறது என்றால், அடிப்படையில் எல்லையே இல்லை என்கிறது. 1926-ல் ஷ்ரோடிங்கர் எழுதிய சமன்பாடு முழுக்க நேரியல். எலெக்ட்ரான் இங்கே இருக்கும் நிலை ஒன்று, அங்கே இருக்கும் நிலை ஒன்று என்றால், இரண்டையும் கூட்டிய நிலையும் உண்டு. காலம் ஓடும்போது அந்தக் கூட்டல் கலையாமல் ஓடும். கரகரப்பே கிடையாது. ஏன் இப்படி? இயற்கையில் வேறெங்கும் இல்லாத இந்தச் சுத்தம் இங்கே மட்டும் எப்படி? யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டிய விஷயம்தான்.

இப்போது சமச்சீர். ஒரு வரைபடத்தில் மாதவரம், மூலக்கடை, பெரம்பூர், மணலி, தண்டையார்பேட்டை என்று குண்டூசி குத்திக்கொள்ளுங்கள். எந்த இரண்டு ஊசிக்கும் நடுவே உள்ள தூரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். இப்போது ஒரு விளையாட்டு: ஊசிகளை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றலாம், எழுதிவைத்த தூரங்களில் ஒன்றுகூட மாறக்கூடாது. என்னென்ன செய்ய முடியும்? மொத்தப் படத்தையும் நகர்த்தலாம். சுழற்றலாம். கண்ணாடியில் தெரிவதுபோலப் புரட்டிப் போடலாம். அவ்வளவுதான். கசக்கவோ வளைக்கவோ முடியாது. நேராக இருந்த சாலை நேராகவே இருக்கும். கவனியுங்கள், "சாலை வளையக்கூடாது" என்று நாம் நிபந்தனை போடவே இல்லை. தூரம் மாறக்கூடாது என்று மட்டும்தான் சொன்னோம். நேர்க்கோடு தானாக வந்து சேர்ந்தது.

விக்னர் செய்தது ஏறக்குறைய இதுதான். குவாண்டம் உலகில் ஊருக்குப் பதில் நிலைகள். தூரத்துக்குப் பதில் நிகழ்தகவு. ஒரு நிலையில் இருக்கும் துகளை அளந்து பார்த்தால் அது வேறொரு நிலையில் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்ற எண். எல்லா நிலைகளையும் ஒரே அடியாக மாற்று, ஆனால் இந்த வாய்ப்பு எண் ஒன்றுகூட மாறக்கூடாது. இதைத்தான் அவர் சமச்சீர் என்றார். அப்படிப்பட்ட மாற்றம் இரண்டே வகைதான் என்பது அவர் தேற்றம். ஒன்று நேரியலாக, திருப்பிப் போடுவதுபோல. மற்றொன்று எதிர்-நேரியலாக, புரட்டிப் போடுவதுபோல. மூன்றாவது வகை இல்லை.

அந்த இரண்டாவது வகையைப் புரிந்துகொள்ள மூன்று பேஸ் மோட்டாரை நினைத்தால் போதும். குவாண்டம் நிலைக்கும் பேஸ் என்று ஒரு கோணம் உண்டு. மோட்டாருக்கு வரும் மூன்று லைனில் ஏதாவது இரண்டை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும்? வோல்டேஜ் அதேதான், கரண்டும் அதேதான், மோட்டார் மட்டும் தலைகீழாகச் சுற்றும். எலெக்ட்ரீஷியன் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். கோணங்களின் வரிசை தலைகீழானால் காலம் பின்னோக்கி ஓடுவதுபோல ஆகிறது. விக்னரும் 1932-ல் காலத்தைத் திருப்பும் சமச்சீருக்கு இந்த இரண்டாவது வகைதான் பொருந்தும் என்று காட்டினார்.

சரி, காலம் சாதாரணமாக முன்னோக்கி ஓடும்போது? ஒரு மணி நேர மாற்றம் என்பது இரண்டு அரை மணி நேர மாற்றங்கள். அரை மணியில் ஒருமுறை புரண்டாலும், அடுத்த அரை மணியில் மறுபடி புரண்டு நேராகிவிடும். எந்த நேரத்தையும் இப்படிப் பாதியாகப் பிரிக்கலாம். ஆகவே புரட்டல் கிடையாது, முதல் வகைதான், சுத்த நேரியல். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் நேரியல்புக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்துவிட்டது. காலம் ஓடும்போது வாய்ப்பு எண்கள் மாறாது என்று மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

ஜெர்மன் மொழியில் வந்த அந்தப் புத்தகத்துக்கு அன்று பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. விக்னர் வகையறாக்களின் கணக்கு முறைக்குக் "குரூப் தியரி" என்று பெயர். இயற்பியல்காரர்கள் அதைக் "குரூப் கொள்ளைநோய்" என்று கிண்டல் செய்தார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் ஏகாம்ர நிவாஸ் என்று ஒரு வீடு. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர், ஐம்பதுகளின் கடைசியில் அந்த வீட்டு மாடியிலேயே மாணவர்களைக் கூட்டி வகுப்பு நடத்த ஆரம்பித்தார். 1960 ஜனவரியில் நீல்ஸ் போர் இந்தியா வந்தபோது அந்தச் சின்னக் கூட்டத்தைப் பார்த்து மனம் நிறைந்து பாராட்டினார். அது பத்திரிகையில் வர, நேருவின் கவனத்துக்குப் போக, அன்றைய கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் முயற்சி எடுக்க, 1962 ஜனவரி 3-ந்தேதி மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடக்க விழாவுக்கு எஸ்.சந்திரசேகர் வந்திருந்தார். மேட்சயன்ஸ் என்று சொன்னால் தரமணி பக்கத்து ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

அல்லாடியின் ஆரம்பகால ஆராய்ச்சி தற்செயல் நிகழ்வுகளின் கணக்கு. காஸ்மிக் கதிர் ஒன்று காற்றில் மோதி, அது பத்தாகி, பத்து நூறாகிச் சிதறும் கணக்கு. அதில் அவரிடம் பயின்ற மாணவர்களில் ஒருவர் பி.எம்.மாத்யூஸ். பிற்காலத்தில் கிண்டி வளாகத்தில் கோட்பாட்டு இயற்பியல் துறையில் பேராசிரியர். அவரும் கே.வெங்கடேசனும் சேர்ந்து 1976-ல் கொண்டுவந்த குவாண்டம் பாடப்புத்தகத்தை இந்தியா முழுக்க எம்.எஸ்சி. மாணவர்கள் படித்தார்கள். பழைய மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பாதி விலையில் கிடைத்த பிரதி ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. முன் சொந்தக்காரர் முதல் மூன்று அத்தியாயத்துக்கு மட்டும் பென்சிலில் கோடு போட்டிருக்கிறார்.

இன்னொருவர் இ.சி.ஜார்ஜ் சுதர்சன். கோட்டயம் பக்கம் பள்ளம் என்ற ஊரில் 1931-ல் பிறந்தவர். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் 1951-ல் ஆனர்ஸ், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பிறகு பம்பாய் டாடா நிறுவனம், அங்கிருந்து அமெரிக்காவில் ராச்செஸ்டர், ராபர்ட் மார்ஷாக்கிடம் ஆராய்ச்சி.

சுதர்சன் போய்ச் சேர்ந்த காலம் சமச்சீருக்கே சோதனைக் காலம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கமும் நடக்கும் என்பது இயற்பியலில் வேதவாக்கு. அதை 1927-ல் குவாண்டம் கணக்கில் சேர்த்தவரும் விக்னர்தான். 1956-ல் லீ, யாங் என்ற இரண்டு சீனத்து இளைஞர்கள், ஒருவகைக் கதிரியக்கத்தில் இது உண்மையா என்று யாரும் பார்க்கவே இல்லையே என்றார்கள். மேடம் வூ கோபால்ட்-60 வைத்துப் பார்த்தார். உண்மையில்லை. இயற்கைக்கு இடது வலது தெரியும். அப்படியானால் அந்த விசையின் சரியான வடிவம் என்ன? அதைச் சொன்னது வி-ஏ கோட்பாடு. சொன்னவர்கள் சுதர்சனும் மார்ஷாக்கும். நான்கு பெரிய பரிசோதனைகள் அதற்கு எதிராக இருந்தன. அந்தப் பரிசோதனைகள்தான் தப்பாக இருக்க வேண்டும், மறுபடி செய்யுங்கள் என்றார்கள் இருவரும். மாணவருக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்! மறுபடி செய்தபோது அவர்கள் சொன்னதுதான் சரியென்று வந்தது.

ஆனால் 1957 ஏப்ரலில் ராச்செஸ்டரிலேயே நடந்த மாநாட்டில் சுதர்சனுக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை, மாணவர் என்பதால். செப்டம்பரில் இத்தாலி மாநாட்டில்தான் அரங்கேறியது. அதன் தொகுப்பு அச்சாகி வருவதற்குள் ஃபெய்ன்மனும் ஜெல்-மானும் அதே கருத்தை 1958 ஜனவரியில் பிரபல பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தது சுதர்சன்-மார்ஷாக், நாங்கள் பரப்பினோம் என்று ஃபெய்ன்மனே பிற்பாடு பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாலும் பெயர் பெயர்தான். 1979-ல் இதே விசையின் அடுத்த கட்டத்துக்கு மூவருக்கு நோபல் கிடைத்ததைப் பற்றிப் பிற்பாடு பேசும்போது, முதல் மாடி கட்டியவனை விட்டுவிட்டு இரண்டாம் மாடி கட்டியவருக்குப் பரிசா என்ற பொருளில் சுதர்சன் கேட்டார். ஒளியின் குவாண்டம் நிலையை எழுதும் முறைக்காக 2005-ல் கிளாபருக்குப் பரிசு கிடைத்தபோதும் இதே வருத்தம். சுதர்சன் என்றாலே எல்லாரும் இந்த நோபல் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு.

1961-ல் அமெரிக்காவின் ஃபிஸிக்கல் ரெவ்யூ பத்திரிகையில் சுதர்சன், மாத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். குவாண்டம் அமைப்புகளின் தற்செயல் இயக்கம் பற்றியது. தற்செயல் என்ற சொல்லைப் பார்த்தீர்களா, மாத்யூஸ் சென்னையில் கற்ற பாடம்.

விக்னர் கணக்கு தனித்து நிற்கும் அமைப்புக்கு. உலகத்தில் எது தனித்து நிற்கிறது? அணுவைச் சுற்றிக் காற்று, வெப்பம், ஒளி. அவற்றோடு மோதிக் கலந்தால் வாய்ப்பு எண்கள் மாறிவிடும். விக்னரின் சமச்சீர் அங்கே செல்லாது. அப்போது நேரியல்பும் போய்விடுமா? போகாது என்பதுதான் இவர்கள் ஆரம்பப் புள்ளி.

நம் மாதவரம் பால் பண்ணையை வைத்துச் சொல்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு கேன். ஒன்றில் 6 சதவீதக் கொழுப்பு, மற்றொன்றில் 4. கலந்தால் 5. இப்போது பாலுக்குச் சம அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். (சேர்க்கக் கூடாதுதான், கணக்குக்காகச் சொல்கிறேன்!) கலந்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் இரண்டரை. தனித்தனியே ஊற்றிவிட்டுக் கலந்தால் 3-ம் 2-ம் சேர்ந்து அதே இரண்டரை. எதை முதலில் செய்தாலும் விடை ஒன்று. குவாண்டம் நிலைகளின் கலவைக்கும் இப்படித்தான். கலவையை எழுத அடர்த்தி அணி என்று ஓர் எண் அட்டவணை உண்டு. சூழ்நிலையோடு எப்படி மோதினாலும், அந்த அட்டவணை மாறும் விதம் நேரியலாக இருக்க வேண்டும். எந்த வாய்ப்பும் பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. மொத்தம் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவ்வளவு வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட மாற்றங்கள் என்னென்ன வடிவில் இருக்க முடியும் என்று மூவரும் எழுதிவிட்டார்கள்.

அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் ஜெர்மனியில் கார்ல் கிராஸ் கூடுதல் நிபந்தனை ஒன்றோடு இதே வகை வடிவத்தைத் தந்தார்; இன்று பாடப்புத்தகங்களில் கிராஸ் வடிவம் என்றுதான் பெயர். 1976-ல் கோரினி, கொஸ்ஸகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும், தனியே லிண்ட்பிளாடும், காலப்போக்கில் இது ஓடும் சமன்பாட்டைத் தந்தார்கள். பலரும் லிண்ட்பிளாட் சமன்பாடு என்றே சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான்கு பெயரைச் சொல்ல வாய் வலிக்கும் போலிருக்கிறது. இன்று குவாண்டம் கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று கிளம்பியிருக்கும் நிறுவனங்கள் தங்கள் இயந்திரத்தில் வரும் இரைச்சலைக் கணக்கிடுவது இந்த வழியில்தான். நோபல் கைநழுவியதைவிட, மாத்யூஸ், ஜெயசீதா ராவ் பெயர்கள் இங்கே மறைந்துபோனதுதான் என் கணக்கில் பெரிய இழப்பு. மாத்யூஸ் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். பூமியின் அச்சு ஆடும் நடுக்கத்துக்கு அவரும் ஹெர்ரிங், பஃபெட் இருவரும் போட்ட கணக்கைத்தான் உலக வானியல் சங்கம் தன் 2000-ம் ஆண்டு அளவுகோலாக ஏற்றது.

சுதர்சன் 1984-ல் சென்னைக்கு வந்து மேட்சயன்ஸ் இயக்குநர் பொறுப்பேற்றார். டெக்ஸாஸ் பல்கலைக்கழக வேலையையும் விடவில்லை. அங்கே அவருடைய துறையிலேயே இருந்தவர் ஸ்டீவன் வெயின்பர்க், 1979 நோபல்காரர்களில் ஒருவர். அவர்தான் 1989-ல் கேட்டார்: எல்லாம் சரி, குவாண்டம் நேரியல்பு உண்மையிலேயே முழுமையானதா, ரொம்பக் கொஞ்சமாவது கோணல் இருந்தால்? கோணலோடு ஒரு கோட்பாட்டை அவரே எழுதி, சோதித்துப் பாருங்கள் என்றார். அமெரிக்கத் தர நிர்ணய ஆய்வகத்தில் பெரிலியம்-9 அயனிகளை வைத்து அதே ஆண்டே பார்த்தார்கள். கோணல் இருந்தால், அணுக்கருவின் பிணைப்பு ஆற்றலோடு ஒப்பிடும்போது, 1-க்குப் பின்னால் 27 பூஜ்யம் போட்ட எண்ணில் 4 பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று வந்தது. அடுத்த ஆண்டு ஜெனீவாவில் ஜிசின், அப்படிக் கோணல் இருந்தால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியும் என்று காட்டினார். அத்தோடு அந்தக் கோட்பாடு படுத்துவிட்டது.

எனக்கு இதில் வியப்பு என்னவென்றால், 1957-ல் கண்ணாடிச் சமச்சீர் ஒரே பரிசோதனையில் சாய்ந்தது. எல்லாரும் கண்ணை மூடி நம்பியது அது. நேரியல்பையோ ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டார்கள், அது அசையவில்லை.

விக்னர் தேற்றத்தில் ஒரு பாக்கி இருந்தது. அவர் 1931-ல் தந்த நிரூபணத்தில் சில படிகள் விடுபட்டிருந்தன. ஒவ்வொரு நிலைக்கும் பேஸ் கோணத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இசையும்படி தேர்வது அவ்வளவு சுலபம் இல்லை. 1964-ல் பார்க்மன் முழுமையாக எழுதினார். பிறகும் பலர் எழுதினார்கள். 2008-ல், அல்லாடி காலமான அதே ஆண்டில், இரண்டு எளிய நிரூபணங்கள் ஒன்றாக வந்தன. எழுதியவர்கள் நால்வர்: தரமணி மேட்சயன்ஸின் ஆர்.சைமன், பெங்களூர் என்.முகுந்தா, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் எஸ்.சதுர்வேதி, வி.ஸ்ரீனிவாசன். இதில் முகுந்தா ராச்செஸ்டரில் சுதர்சனிடம் ஆராய்ச்சி செய்தவர். சுதர்சன் 2018 மே மாதம் டெக்ஸாஸில் காலமானார்.

அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். கல்லூரியில் வெக்டர் கணக்கும் சிக்கலெண்களும் படித்தவர்கள் பென்சிலும் பொறுமையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பின்தொடர முடியும். வீட்டில் எம்.எஸ்சி. படிக்கும் பேரன் பேத்தி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.